மலேசியத் தமிழர் உயர்கல்வியும் குடும்பச் சேமிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் உயர்கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு கோணங்களில் அமைந்துள்ளன. ஒன்று, அரசின் கல்விக் கொள்கையை மையமாகக் கொண்டது. பார்ன்ஸ் அறிக்கை, ரசாக் அறிக்கை, புதிய பொருளாதாரக் கொள்கை, பல்கலைக்கழக நுழைவு முறை என்று அது நகரும். மற்றொன்று, தோட்டப்புற வறுமையை மையமாகக் கொண்டது. இவ்விரு கோணங்களும் தேவையானவையே. ஆயினும் இவற்றுக்கு இடையே ஓர் எளிய வினா போதிய கவனம் பெறாமல் நின்றுவிட்டது. ஒரு தமிழ்க் குடும்பம் தன் பணத்தை எந்த வடிவத்தில் வைத்திருந்தது? அது எந்த வயதில், எந்த மாதத்தில் கைக்கு வந்தது? பிள்ளை கல்லூரியில் காலடி வைக்கும் நாளோடு அந்த நாள் பொருந்தியதா?

'நம்மவர் திட்டமிடுவதில்லை' எனும் கூற்றைப் பொதுக்கூட்ட மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆசிரியர்களாகிய நாமே அதைச் சொல்லியும் இருப்போம். இக்கூற்று வரலாற்று அடிப்படையில் வலுவற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். திட்டமிடல் இருந்தது. அது கையாண்ட கருவிகள் வேறு காலக் கணக்கில் இயங்கின என்பதே சிக்கல். 1949 முதல் இன்றுவரையிலான காலப்பகுதியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூர்ச் செய்திகள் ஒப்பீட்டுக்குத் தேவையான இடங்களில் மட்டும் சுட்டப்படுகின்றன. இங்கு 'வெள்ளி' எனப்படுவது, நம் பேச்சு வழக்கின்படி, மலாயா டாலரையும் பின்னர் வந்த ரிங்கிட்டையும் குறிக்கும்.

ஆளுக்கொரு வெள்ளி

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் தோற்றுவிக்கப்பட்டது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து அது உருவாயிற்று. அதற்கு முன்னர் பட்டம் பெற விரும்பிய தமிழர் சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ இலண்டனுக்கோ கப்பலேற வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட்டில் இரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவ்வாறு சென்றோர் தோட்ட உரிமையாளர், வணிகர், அரசு எழுத்தர் ஆகியோரின் பிள்ளைகளே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட தோட்டப் பள்ளிகள் தொடக்கக் கல்விக்கு அப்பால் எவரையும் அழைத்துச் செல்லும் நோக்கம் கொண்டவை அல்ல.

இப்பின்னணியில்தான் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியை நோக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, அத்துறையில் சமற்கிருதத்துக்கு முதன்மை தரும் பரிந்துரை வந்தது. அதனை எதிர்த்துத் தமிழே அத்துறையின் மொழியாதல் வேண்டுமென 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். அதன் ஒரு பகுதியாக ஆளுக்கொரு வெள்ளி என்ற அளவில் மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. துறை 1956இல் தொடங்கியது. திரட்டிய நிதி தமிழ் நூல்களுக்குப் பயன்பட்டது.

இந்நிகழ்ச்சி மொழியுணர்வின் வெற்றியாகவே நம் நூல்களில் பதிவாகியுள்ளது. அது சரியே. ஆனால் பொருளியல் நோக்கில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. வெள்ளி கொடுத்தவர்களுள் பலர் பால்மரத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணியாளர். தம் பிள்ளைகள் அந்த நூலகத்தின் வாயிற்படியை மிதிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை அறிந்தே அவர்கள் கொடுத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1954இல், நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகச் சிங்கப்பூரின் முச்சக்கர மிதிவண்டி ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தை அளித்தனர். இரு சமூகங்களின் உழைப்பாளிகளும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். சீனர்களின் கொடை ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியது. தமிழரின் கொடை ஒரு துறைக்குள் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்தது. அளவில் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் வெளிப்படை. சீனக் கொடையாளருள் டான் லார்க் சை போன்ற பெருஞ்செல்வர் இருந்தனர். நம்மிடையே ஒரு வெள்ளிக்காரர்களே மிகுதி.

பொதுநோக்கத்துக்காக ஒரு வெள்ளி கொடுக்க முடிந்த குடும்பம், தன் பிள்ளையின் படிப்புக்கென ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்க இயன்றதா என்பதே அடுத்து எழும் வினா.

தோட்டமும் அதன் காலக் கணக்கும்

பால்மரம் சீவுவோரின் கூலி நாட்கூலி. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, மரம் சீவாத நாளுக்குக் கூலி இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டுமென்ற கோரிக்கை 2000களின் தொடக்கம்வரை நீண்டதை நாம் அறிவோம். வருமானம் நாளுக்கு நாள் மாறும் வீட்டில் மாதாமாதம் ஒரே தொகையை ஒதுக்குவது எத்துணைக் கடினம் என்பதை மாதச் சம்பளம் வாங்கும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆயினும் தோட்டத் தொழிலாளரிடம் கட்டாயச் சேமிப்பு ஒன்று இருந்தது. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்தினர். இவ்விகிதம் பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. முப்பது ஆண்டுகள் மரம் சீவியவரின் கணக்கில் அவர் வாழ்நாளில் கண்டிராத தொகை சேர்ந்திருக்கும். கணவன் மனைவி இருவரும் வேலை செய்த வீடுகளில் இரு கணக்குகள்.

இங்குதான் காலப் பொருத்தமின்மை தெரிகிறது. சேமநிதி அடிப்படையில் 55 வயதுக்குரியது. தோட்டத்தில் இருபது வயதை ஒட்டித் திருமணம் முடிந்த தலைமுறையில், மூத்த பிள்ளை ஆறாம் படிவம் முடிக்கும்போது தந்தைக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். கணக்கில் பணம் உண்டு, ஆனால் கைக்கு வாராது. கடைசிப் பிள்ளைக்காவது அது உதவியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 55 வயதில் தொழிலாளி வேலையை விட்டால் தோட்ட வீட்டையும் விட வேண்டும். எனவே சேமநிதிப் பணம் கைக்கு வந்த அன்றே அதற்கு ஒரு வீட்டுக்கடன் காத்திருந்தது. முப்பதாண்டு உழைப்பின் சேமிப்பு, தலைக்குமேல் கூரை தேடுவதிலேயே கரைந்தது. தோட்டத்துக் குடியிருப்பு முறைக்கும் உயர்கல்விக்கும் உள்ள தொடர்பை நம் ஆய்வுகள் இன்னும் அழுத்தமாகச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

பத்து வெள்ளியும் ஒரு புனிதப் பயணமும்

1950களில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. இத்துண்டாடலை ஆராய்ந்து விரிவாக எழுதியவர் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ். துண்டாடலால் வேலையும் வீடும் இழந்த தொழிலாளர் நிலையைக் கண்ட துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் பின்னர் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கியது. எனினும் அதன் முதல் நோக்கம் நிலம். பத்து வெள்ளி என்பது வேலையைக் காக்கும் பத்து வெள்ளி. பிள்ளை பதினெட்டு வயதை எட்டும்போது பலன் தரும்படி அது வடிவமைக்கப்படவில்லை, அக்காலச் சூழலில் அவ்வாறு வடிவமைக்கவும் இயலாது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. அதே உங்கு அசீஸ் 1959இல் மற்றொரு திட்டத்தை முன்வைத்தார். கிராமப்புற மலாய்க்காரர் மக்கா செல்வதற்காக ஆண்டுக்கணக்கில் பணத்தை வீட்டிலேயே சேர்த்து வைப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்பதையும் அவர் கண்டார். அச்சேமிப்பை ஒன்றுதிரட்டி முதலீடு செய்து உரிய காலத்தில் பயணிக்குத் திருப்பித் தரும் நிறுவனம் வேண்டுமென்றார். அதுவே 1963இல் செயற்படத் தொடங்கிப் பின்னர்த் தாபோங் ஹாஜி என வளர்ந்தது. ஒரு சமூகத்தின் வாழ்நாள் விருப்பத்தையும் அவ்விருப்பம் நிறைவேற வேண்டிய காலத்தையும் ஒரு சேமிப்பு நிறுவனம் இணைத்தது. தமிழ்த் தொழிலாளியின் வாழ்நாள் விருப்பம் பிள்ளையின் படிப்பு. அதற்கென அப்படியொரு நிறுவனம் அந்நாளில் எழவில்லை. கல்விக்கான தேசியச் சேமிப்புத் திட்டம் நாட்டில் பொதுவாகவே 2004இல்தான் வந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளை நம் குடும்பங்கள் எவ்வாறு கடந்தன?

கூட்டு

பெருமளவு, கூட்டுப் பிடித்தே கடந்தன. தமிழகத்தில் சீட்டு என வழங்குவது இங்குக் கூட்டு. மலாய்மொழியிலும் இச்சொல் புகுந்து இன்றும் வழங்குகிறது. இதன் இயக்கத்தைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது, ஏனெனில் இதனைப் 'பெண்களின் சில்லறைப் பழக்கம்' என ஒதுக்கும் போக்கு ஆய்வாளரிடையேகூட உண்டு.

பன்னிருவர் சேர்ந்து மாதம் நூறு வெள்ளி போடுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் 1,200 வெள்ளி திரளும். முதல் கூட்டைப் பொதுவாக நடத்துபவரே எடுப்பார். அது அவர் ஏற்கும் பொறுப்புக்கான ஊதியம். ஒருவர் போடாமல் ஓடிவிட்டால் அவர்தான் ஈடுகட்ட வேண்டும். பிறகு குலுக்கலிலோ ஏலத்திலோ ஒவ்வொருவராக எடுப்பர். ஏலக் கூட்டில், அவசரத் தேவையுள்ளவர் தொகையைக் குறைத்துக் கேட்பார். மூன்றாம் மாதத்தில் ஒருவர் 180 வெள்ளி தள்ளிக் கேட்டு 1,020 வெள்ளி பெறுகிறார் என்றால், அந்த 180 வெள்ளி பன்னிருவருக்கும் பகிர்ந்து, அம்மாதம் ஒவ்வொருவரும் 85 வெள்ளி செலுத்தினால் போதும். கடைசிவரை காத்திருப்பவர், தாம் செலுத்திய மொத்தத் தொகையைவிட மிகுதியாக 1,200 வெள்ளியை முழுமையாகப் பெறுவார். முன்னால் எடுப்பவருக்கு அது கடன், பின்னால் எடுப்பவருக்கு அது வட்டியுடன் கூடிய சேமிப்பு. ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்கிறது.

உயர்கல்வியோடு இதனைப் பொருத்திப் பார்த்தால் இதன் நுட்பம் புலப்படும். வங்கி பிணை கேட்கும், தோட்டத்தில் நிலமும் வீடும் தொழிலாளிக்குச் சொந்தமல்ல. சேமநிதி வயது கேட்கும். கூட்டு இரண்டையும் கேட்பதில்லை. அது கேட்பது ஒரு பெண்ணின் சொல் நாணயத்தை மட்டுமே. மேலும் எடுக்கும் மாதத்தை ஓரளவு தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். கல்வியாண்டு தொடங்கும் மாதத்தில் எந்த வீட்டுக்குத் தேவை என்பது வரிசை முழுவதும் அறிந்த செய்தி. அம்மாதத்தில் பிறர் கேட்காமல் விட்டுக்கொடுப்பதும் உண்டு. என் தாயாரும் கூட்டு நடத்தியவரே. அவர் எழுதிய கணக்கு நோட்டில் பெயர்களுக்கு எதிரே தொகையோடு 'மகள் காலேஜ்', 'மகன் பீஸ்' என்பன போன்ற சிறு குறிப்புகள் இருக்கும். இதைத் திட்டமிடல் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

அரசு இதனை வேறு கண்கொண்டு நோக்கியது. கூட்டுப் பெருந்தொழிலாக வளர்ந்து, மக்கள் பணம் ஏமாற்றப்படும் அபாயம் தோன்றியபோது, 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டு நடத்துவதை ஒரு வணிகமாக மேற்கொள்வதை அச்சட்டம் தடை செய்கிறது. மலேசியச் சட்டத் தொகுப்பில் ஒரு சட்டத்தின் பெயரிலேயே தமிழ்ச்சொல் இடம்பெறும் அரிய எடுத்துக்காட்டு இது, அதுவும் தடை செய்யும் சட்டத்தில். அதே 1971இல் சிங்கப்பூர் சீட்டு நிதிகளைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. ஒழுங்குமுறையும் முழுப் பாதுகாப்பாக அமையவில்லை என்பதை அங்கு 1970களின் முற்பகுதியில் ஒரு பெரிய சீட்டு நிறுவனம் வீழ்ந்தது காட்டிற்று. எனவே மலேசிய அரசின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் தடை விதித்தபோது, கூட்டின் இடத்தை நிரப்பும் மாற்று எதுவும் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

சட்டத் தொகுப்பைப் புரட்டும்போது கண்ணில்படும் ஒரு தற்செயலையும் குறிப்பிடலாம். கூட்டு நிதித் தடைச் சட்டம் 28ஆம் எண்ணுடையது. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 30ஆம் எண்ணுடையது. இரண்டும் 1971ஆம் ஆண்டுக்குரியவை. பல்கலைக்கழகத்தை ஒழுங்குபடுத்திய சட்டமும், பலர் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணம் தந்த வழியைத் தடுத்த சட்டமும் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளன. இதற்கு மேல் இதில் பொருள் தேட வேண்டியதில்லை.

சட்டம் வந்த பின்னரும் கூட்டு நிற்கவில்லை. வீட்டுக்குள் சென்றது. அதனால் அதற்குப் பதிவேடும் இல்லை, ஏமாந்தவருக்கு முறையிடும் இடமும் இல்லை. கூட்டுத் தலைவி இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனதால் கல்லூரி வாய்ப்பு நழுவிய பிள்ளைகளும் உண்டு. கூட்டைப் புகழும்போது இதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடகும் அக்காள் சம்பளமும்

கூட்டுக்கு அடுத்த கருவி நகை. 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டத்தின்படி வட்டி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. மீட்புக்காலம் ஆறு மாதம். பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பருவமுறைக்கு மாறியபோது கட்டணம் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரலாயிற்று. அடகுக்கடையின் தவணையும் கல்லூரியின் தவணையும் இவ்வாறு ஒன்றாயின. ஒரு பருவத்தில் தாலிக்கொடி நீங்கலான நகை அடகுக்குப் போகும். கூட்டு எடுத்து அதை மீட்பர். அடுத்த பருவத்தில் அது மீண்டும் போகும். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்று கணக்கிட்டால் நமக்குத் திகைப்பாக இருக்கும். அடுத்த தெருவில் உரிமமற்ற வட்டிக்காரர் கேட்டதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

இந்த நகை யாருடையது என்பது அடுத்த கேள்வி. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வளையம் தொடங்கியது. தொடர்ந்து நாட்டின் பிற பகுதிகளிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நிறுவனப் பேருந்தில் ஏறி முறைமாற்று வேலைக்குச் சென்றனர். பால்மரக் கூலியைப் போலன்றி அவர்கள் வாங்கியது மாதச் சம்பளம். கூட்டுக்கு மாதந்தோறும் தவறாமல் கட்டக்கூடிய முதல் வருமானம் பல வீடுகளில் மூத்த மகளின் வருமானமே. ஐந்தாம் படிவத்தோடு அவள் நின்றாள், தம்பி ஆறாம் படிவம் சென்றான். அவளுக்கென வாங்கிய சங்கிலி அவனுக்காக அடகுக்குப் போனது. நம் சமூகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் ஆய்வேட்டு நன்றியுரைகளில் தந்தையும் தாயும் ஆசிரியரும் இடம்பெறுவர். அக்காள் சில வேளைகளில் மட்டுமே இடம்பெறுவாள். கல்விச் செலவு என்பது கட்டணம் மட்டுமன்று. ஒருவர் படிக்கும் ஆண்டுகளில் ஈட்டாமல் விட்ட கூலியும், அவர் படிப்பதற்காக மற்றொருவர் படிக்காமல் விட்ட ஆண்டுகளும் அதில் அடங்கும். இரண்டாவதை எந்தக் கணக்கேடும் பதிவு செய்வதில்லை.

கடல் கடந்த கட்டணம்

உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களின் சுமை ஒப்பளவில் குறைவு, கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. 1971க்குப் பின்னர் அவ்விடங்களுக்கான போட்டியின் தன்மை மாறியது. இடம் கிடைக்காத, ஆனால் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் குடும்பங்களே பெருஞ்செலவை எதிர்கொண்டன. இச்செலவு அடைவு குறைந்ததற்குக் கிடைத்த தண்டனையன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நடுத்தர வகுப்பினர் முதலில் நாடியது பிரிட்டனை. 1980ஆம் ஆண்டு முதல் பிரிட்டன் அயல்நாட்டு மாணவரிடம் முழுச் செலவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. அவ்வழி பலருக்கு அடைபட்டது. மற்றொரு வழி இந்தியா, குறிப்பாக மருத்துவம். 1953இல் கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் மணிப்பாலில் டாக்டர் டி. எம். ஏ. பாய் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மலேசிய இந்தியர் பலரை மருத்துவராக்கியது. அரசு நிதியின்றி மாணவர் கட்டணத்தாலேயே நடக்கும் மருத்துவக் கல்லூரி என்பது அந்நாளில் புதுமை.

இதே டாக்டர் பாய் 1925இல் உடுப்பியில் பின்னாளைய சிண்டிகேட் வங்கியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1928இல் அவ்வங்கி 'பிக்மி' எனும் சிறுசேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வங்கியின் முகவர் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று இரண்டணா அளவில்கூடப் பணம் திரட்டுவார். நாட்கூலிக்காரனிடம் நாள்தோறும் வாங்க வேண்டும் என்ற எளிய உண்மையை அத்திட்டம் உணர்ந்திருந்தது. (அவ்வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்தது.) சிறுசேமிப்பைத் திரட்டத் தெரிந்தவரே கட்டணக் கல்லூரியையும் கட்டினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நம் தோட்டங்களுக்கு நாள்தோறும் வந்தவர்கள் துணி வியாபாரியும் ரொட்டிக்காரரும். அவர்கள் கடன் கொடுத்தார்கள், சேமிப்பு வாங்க எவரும் வரவில்லை.

1997ஆம் ஆண்டு நாணய நெருக்கடியில் வெளிநாட்டுக் கல்வித் திட்டங்கள் நிலைகுலைந்தன. 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என மதிப்பு நிலைநிறுத்தப்படும்வரை, பிள்ளையை வெளிநாட்டில் வைத்திருந்த பெற்றோர் நாளிதழின் நாணய மாற்றுப் பட்டியலை முதலில் பார்த்தனர். ஆனால் அந்நெருக்கடியே உள்நாட்டுத் தனியார் கல்லூரிகளின் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. மணிப்பாலும் 1997இல் மலாக்காவுக்கு வந்தது.

ஒரு பங்கின் இருபத்தெட்டு ஆண்டுகள்

சமூகம் தானே கூட்டாக முதலீடு செய்ய முயன்ற வரலாறும் உண்டு. 1982இல் ம.இ.கா.வின் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்சில் மலேசிய இந்தியர் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட தொகையைப் பங்காகச் செலுத்தினர். அதன் மேலாண்மை பற்றிய சர்ச்சைகள் பலவாறு எழுதப்பட்டுள்ளன, அவற்றுக்குள் இக்கட்டுரை புகவில்லை. நம் வினா காலம் பற்றியது. 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் என்ற விலையில் பங்குகள் திரும்ப வாங்கப்பட்டன. 1982இல் பிறந்த பிள்ளைக்காக அப்பங்கை வாங்கிய தந்தையை எண்ணிப் பார்க்கலாம். 2000இல் அப்பிள்ளைக்கு வயது பதினெட்டு. பணம் திரும்பியபோது வயது இருபத்தெட்டு. முதலில் இட்ட வெள்ளியைவிட அது குறைவு என்பது ஓர் இழப்பு. கல்லூரிக் காலம் கடந்து வந்தது என்பது மற்றோர் இழப்பு, என் நோக்கில் அதுவே பெரியது.

இதற்கு மாறாக, 1984இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. எனும் கல்வி அறநிறுவனம் கல்விக்கென்றே வகுக்கப்பட்டது. கல்விக் கடன் வழங்கியதோடு, கெடா மாநிலம் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியது. அது 2001இல் செயற்படத் தொடங்கியது. அரசியல் கருத்து எதுவாயினும், மருத்துவம் படிக்கக் கடல் கடக்க வேண்டிய கட்டாயத்தை அது ஒரு பகுதி குடும்பங்களுக்காவது குறைத்தது என்பதை மறுக்க இயலாது.

கடன்காரர் மாறினார்

1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., செயற்படத் தொடங்கியது. இன வேறுபாடின்றிப் பொது, தனியார் நிறுவன மாணவர் இருசாராரும் விண்ணப்பிக்கலாம். தோட்டப்புறத்திலிருந்தும் நகர்ப்புறக் குறைந்த விலைக் குடியிருப்புகளிலிருந்தும் வந்த நம் மாணவர்க்கு இது பெரிய திருப்பம். பணம் முதன்முறையாகக் கல்வியாண்டின் காலக் கணக்கில் வந்தது. 2000இல் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கவும் வழி பிறந்தது. 1951இல் பூட்டிய கதவு அரை நூற்றாண்டுக்குப் பின் திறந்தது. அதற்குள் அக்கதவுக்குப் பின்னே பணம் வைத்திருந்த பால்மரத் தலைமுறையின் பெரும்பகுதி தோட்டத்தை விட்டே வெளியேறிவிட்டது.

இம்மாற்றத்தில் ஒன்றை உற்று நோக்க வேண்டும். கூட்டிலும் அடகிலும் கடன்பட்டவர் தாய், தந்தை அல்லது அக்காள். பி.டி.பி.டி.என். கடனில் கடன்பட்டவர் மாணவர். குடும்பத்தின் பொறுப்பு தனியாளின் பொறுப்பாக மாறியது. முதல் வகுப்பில் தேறுவோர்க்குத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. நிருவாகக் கட்டணம் 2008இல் 1 விழுக்காடாகக் குறைந்தது. கடனைக் கட்டாதோர் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டதும் 2018இல் அத்தடை நீக்கப்பட்டதும் நாம் கண்டவை. மாத வட்டி 2 விழுக்காட்டில் அக்காளின் சங்கிலியை ஆறு மாதத்துக்குள் தவறாமல் மீட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு, ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக் கடன் அவசரமாகத் தோன்றாதிருக்கலாம். அடகுக்கடையில் தவணை தவறினால் நகை போகும், அக்காளின் முகம் வாடும். கழகத்தின் கடிதத்துக்கு முகம் இல்லை. இதனை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் விளக்குவது போதாது.

2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மாதச் சந்தாவிலும் 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. கல்விக்கு எடுப்பது 15 விழுக்காடு சேரும் நடுக்கணக்கிலிருந்து. தாராள எடுப்பும் கல்விக்கான எடுப்பும் இப்போது தனித்தனி. எந்தக் கணக்கைத் தொடுவது, எப்போது தொடுவது எனும் முடிவு வீட்டில் யார் கையில் இருக்கிறது என்பது வருங்கால ஆய்வுக்குரிய வினா.

கடந்த காலத்தை ஆராயச் சான்றுகள் விரைந்து மறைகின்றன. கூட்டுத் தடைசெய்யப்பட்டதாகையால் அதன் கணக்குகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவை மூதாட்டிகளின் அலமாரிகளில், பழைய பள்ளி அப்பியாசப் புத்தகங்களில் உள்ளன. வீடு மாறும்போது பழைய தாள்காரரிடம் போய்விடுகின்றன. பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் மாணவரின் பாட்டிமாரிடமிருந்து அத்தகைய நோட்டுகளை, உரியவரின் ஒப்புதலோடு படியெடுத்தாவது வைக்கலாம். ஒரு நோட்டில் பெயர், தொகை, எடுத்த மாதம், தள்ளிய தொகை ஆகிய நான்கு நிரல்கள் இருந்தாலே போதும். எந்த ஆண்டில் எந்த வட்டிக்கு ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியது என்பதை அந்நான்கு நிரல்களிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.